சாமைக்கு வெயில் காட்டிய நாள்

கண்காட்சி முடிய இன்னும் ஒன்பது நாள் என்றபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் பெட்டியைத் திறப்பேன், மடித்த புடவையையே மறுபடி மடிப்பேன், மூடுவேன். கூடத் தங்கியிருந்த பெண்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கென்ன!

நான் ஓவியம் வரைபவள் இல்லை. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவள். பாறையில் சாமையைக் காயப்போட்டு, அதன்மேல் காலை இழுத்து இழுத்து நடந்து கோடு கோடாகக் கிளறிவிடுவேன். எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற வேலைதான். சென்னையிலிருந்து மலைக்கு வந்திருந்த ஓவியர் மேடம் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, இதையே வெளிநாட்டில் ஒரு பெரிய அறைக்குள் செய்வோம் என்றார். பல நாட்டுக் கலைஞர்கள் கூடுகிற கண்காட்சி, ஆறு மாதம். அறை முழுக்கச் சாமை. தினமும் கதவு திறக்கும் முன் நான் அதில் நடந்து கோடு போட வேண்டும், நேற்றுப் போட்ட மாதிரி இன்று இருக்கக் கூடாது. என் காலைப் பார்க்க இத்தனை கூட்டமா என்று முதல் மாதம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் மாதம் என் மகள் பெரியவளானாள். ஒன்பதாவது படிக்கிறாள். தண்ணீர் ஊற்ற நான் இல்லை, அவள் அத்தைதான் ஊற்றினாள். சீரை மட்டும் நான் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று, கண்காட்சி முடிந்து வரும் வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். அதிலிருந்து அவள் போனுக்கே வருவதில்லை. "அவகிட்டக் குடுங்க" என்பேன். குளிக்கிறாள், படிக்கிறாள் என்று என் வீட்டுக்காரர் ஏதாவது சொல்வார். ஒரு பிள்ளை நாளைக்கு எத்தனை தடவைதான் குளிக்கும்?

ஒன்பது நாள் ஏழானபோது மேடம் வந்தார். "கண்காட்சியை ரெண்டு வாரம் நீட்டிச்சிட்டாங்கக்கா!" முகமெல்லாம் சிரிப்பு.

"வெள்ளிக்கெழம எம்புள்ளைக்குச் சீருங்க மேடம்."

"கொஞ்சம் தள்ளி வச்சுக்க முடியாதாக்கா?"

ஊருக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரர் மகளிடம் கேட்டார். "வந்தா வரட்டும், இல்லீனா அத்தையே நிக்கட்டும்." அவர் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவள் குரல் எனக்கே கேட்டது.

மறுநாள் காலை அறைக்குள் கால் வைத்தேன். பூசண வாடை. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் வண்டு. வண்டு விழுந்த தானியத்தை யாராவது உள்ளேயே வைத்திருப்பார்களா? வெளி முற்றத்தில் வெயில் அடித்தது, அந்த ஊரில் அதுவே அதிசயம். அங்கே கிடந்த படுதாவை விரித்து, கைவண்டியில் அள்ளி அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டினேன். மகள் நினைப்பிலேயே கை பாட்டுக்கு வேலை செய்தது. பாதி அறை காலியாகி, வேர்க்க விறுவிறுக்க நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. அடிப் பாவி, நீ வெயிலில் கொட்டியிருப்பது மேடத்தின் படைப்பையல்லவா!

கண்காட்சி அலுவலகத்துப் பெண் ஓடிவந்து அவள் பாஷையில் கத்தினாள். மேடம் கத்தவில்லை, படியில் உட்கார்ந்து அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், எனக்குள் ஒரு கேடுகெட்ட சந்தோஷம். இதோடு துரத்திவிடுவார்கள், ஊர் போய்ச் சேரலாம். நடந்ததோ வேறு. மறுபடி பரப்பிக் கோடு போட என்னை விட்டால் ஆளில்லையாம். நான் செய்த கூத்தே என்னைக் கட்டிப்போட்டது.

மூன்று நாள் காயவைத்தேன், புடைத்தேன், பரப்பினேன். கடைசியில் அந்த அலுவலகப் பெண்ணிடம் ஷூவைக் கழற்றும்படி ஜாடை காட்டினேன். முழித்தாள். கையைப் பிடித்து இழுத்து, மேடத்தின் கண்முன்னாலேயே சாமையில் நடக்கவிட்டேன். முதல் கோடு கோணல், இரண்டாவது அதைவிட மோசம். ஐந்தாவது கோட்டில் கால் படிந்துவிட்டது.

"பாருங்க மேடம், இதுக்குக் கொல்லிமலைக் காலே வேணும்னு இல்லீங்க. என்னைய உட்ருங்க."

மேடம் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, போங்க. ஆனா மே மாசம் வேற நாட்டுல இன்னொரு கண்காட்சி இருக்கு. அதுக்குக் கண்டிப்பா வரணும்."

"வாரேனுங்க" என்று சட்டென்று தலையாட்டிவிட்டேன். விட்டால் போதும் என்ற அவசரம் பாதி. மீதிப் பாதி ஆசைதான், அதை எதற்கு மறைப்பது?

பழைய டிக்கெட்டிலேயே கிளம்பினேன். விமானத்தில் கண்மூடவில்லை. நாமக்கல்லில் பஸ் ஏறியதும், மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், மனதுக்குள்தான். வியாழன் மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் எழுந்து நின்று பையை வாங்கி வைத்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. ஆறு மாதத்தில் என்ன வளர்த்தி!

வெள்ளிக்கிழமை விடியலில் அவளை உட்காரவைத்துத் தலை பின்னினேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மறுபடி எப்பம்மா போற?"

"ஏங்கண்ணு, ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல. நீ போவேன்னு தெரியும்."

பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். "மே மாசம். வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன் சாமி."

அவள் திரும்பவில்லை. "போன தடவையும் எங்கிட்டக் கேக்கல. இந்தத் தடவையாச்சும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

இத்தனை மாதம் அவள் போனுக்கு வராததற்கு நான் என்னென்னவோ காரணம் நினைத்திருந்தேன். இது தோன்றவே இல்லை.

"இப்பக் கேக்கறேன் கண்ணு. போகட்டுமா?"

வாசலில் மாமன்காரன் சீர்த்தட்டோடு வந்து நின்று குரல் கொடுத்தான். அவள் எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

தை பிறந்துவிட்டது, மிளகு பறிக்க ஆரம்பித்தாயிற்று. மேடம் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். மகள் இன்னும் சொல்லவில்லை.