கிணற்றுத் தண்ணீரில் வந்த ஊதா

எழுபதுகளின் நடுப்பகுதியில் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். கண்ணாடித் தட்டுகளில் கடற்பாசிக் கூழை ஊற்றி, நோயாளிகளின் சீழிலும் ஊர்த் தண்ணீரிலும் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்ப்பது எங்கள் வேலை. எனக்கு மேலே இருந்தவர் கிண்ணியாக்காரர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். நோன்பு காலத்தில் தங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுகிற அதே கடற்பாசியைத்தான் கிருமிகளுக்கும் கொடுக்கிறோம், அதுகளுக்குச் சீனி மட்டும் இல்லை என்பார்.

ஒரு மாரி முடிவில் கட்டைபறிச்சான் பக்கம் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. சுகாதாரப் பரிசோதகர் அங்குள்ள கிணறுகளின் தண்ணீரைப் போத்தல்களில் எடுத்து மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகில் கொண்டுவந்தார். மற்றத் தட்டுகளில் வழக்கமான வெளிறிய புள்ளிகள்தான் வளர்ந்தன. ஒன்றில் மட்டும் பேனா மை சொட்டினதுபோல் கடும் ஊதாப் புள்ளிகள். யாரோ புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்தைச் சிந்திவிட்டார்கள் என்று நினைத்து, அதே தண்ணீரைத் திரும்ப வளர்த்தேன். திரும்பவும் ஊதா. நானா புத்தகத்தைப் புரட்டினார். வெப்ப நாடுகளின் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற ஒரு கிருமி, அந்த நிறம் அது தானே செய்கிற சாயம் என்றார். கிணற்றுக்குக் குளோரின் போடச் சொல்லி அனுப்பினோம்.

தட்டை எறிய மனம் வரவில்லை. இரண்டொரு நாளில் அதன் ஓரத்தில் காற்றில் வந்த மஞ்சள் கிருமி ஒன்று படர்ந்தது. ஆனால் ஊதாப் புள்ளியை நெருங்கிய இடத்தில் அது நின்றுவிட்டது. இரண்டுக்கும் நடுவே பிறை வடிவில் வெறும் கூழ்.

அந்த நாட்களில் மஞ்சள் கிருமி என்றாலே எங்களுக்கு ஒரு மனிதரின் கால்தான் நினைவு வரும். கடலில் திருக்கை முள் குத்திப் பாதம் புண்ணாகி, ஆண்கள் வாட்டில் கிடந்த மீனவர் அவர். அவருடைய சீழிலும் அந்த இனக் கிருமிதான். பென்சிலின் ஊசிக்கு அது அசையவில்லை. பாதத்தை எடுக்க வேண்டி வருமோ என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய கிருமியை எடுத்து ஊதாவுக்குப் பக்கத்தில் வளரவிட்டேன். அதுவும் கிட்டே வரவில்லை.

ஆய்வுகூடத்துக் கதை வாட்டுக்குப் போக எவ்வளவு நேரம் வேண்டும்? மறுநாள் நேர்ஸ் ஓடிவந்து கூப்பிட்டார். அந்த மீனவரும் கட்டைபறிச்சான்காரர்தான். மனைவி லோஞ்சில் ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார். புண்ணின் கட்டை அவிழ்த்துப் போட்டு, அதைக் காலில் ஊற்ற ஆயத்தமாக இருந்தார் மீனவர்.

“எங்கட கிணத்தில மருந்து இருக்காம். நீங்கள் தராட்டி நான் ஊத்திப் பாக்கிறன், மிஸ்ஸி. கால் போனா நான் கடலுக்குப் போக ஏலாது.”

போத்தலை அவருடைய கையிலிருந்து பறிக்க எனக்கு விருப்பமில்லை. கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

“அந்தச் சாயம் உங்கட புண்ணில இருக்கிற கிருமியை அடக்குது, ஓம். ஆனா சாயத்தைச் செய்யிறதும் ஒரு கிருமிதான், அண்ணே. அது ரத்தத்தில ஏறினா உயிருக்கே ஆபத்து.”

“அப்ப சாயத்தை மட்டும் பிரிச்செடுக்க ஏலாதா?”

என் மனத்திலும் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. தெரியவில்லை, பார்க்கிறேன் என்றேன். அவர் போத்தலை மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா அதை வெளியே கழிவுநீர்க் கானில் ஊற்றிவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்தக் கிழமை முடியுமுன்னரே வேறொரு மருந்துக்கு அவருடைய கிருமி மடங்குவதைக் கண்டுபிடித்தோம். டாக்டர் அதைத் தொடங்கினார். புண் மெல்லக் காய்ந்தது. அவர் தன் இரண்டு காலாலும் நடந்து லோஞ்சுக்குப் போனார்.

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. வேலை குறைந்த பின்னேரங்களில் நானாவும் நானும் ஊதாப் படலத்தைச் சுரண்டி ஸ்பிரிட்டில் ஊறவைத்தோம். ஸ்பிரிட் கிருமியைக் கொன்று, நிறத்தை மட்டும் தன்னுள் இழுத்துக்கொண்டது. அதை வடித்து, ஒற்றுத்தாள் வட்டங்களில் ஊறவிட்டுக் காயவைத்து, மஞ்சள் கிருமியைப் பூசிய தட்டில் வைத்தோம். வெறும் ஸ்பிரிட்டில் நனைத்த வட்டம் ஒன்றையும் பக்கத்தில் வைத்தோம். காலையில் வெறும் வட்டத்தின் மேலேயே மஞ்சள் படர்ந்திருந்தது. ஊதா வட்டத்தைச் சுற்றி எதுவும் வளராத மெல்லிய வளையம், துப்புரவாக. நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார்.

“இதை இங்க அலுமாரிக்குள்ள வைச்சு என்ன பிரயோசனம், தங்கச்சி? பேராதனைக்குக் கொண்டுபோங்க.”

சாயம் இருந்த கண்ணாடிக் குழாயைப் பஞ்சில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்டி பஸ்ஸில் போனேன். பல்கலைக்கழகத்தில் என்னைச் சந்தித்த பேராசிரியை முதலிலேயே உள்ளதைச் சொன்னார். இந்தச் சாயம் வெளிநாட்டில் முன்பே கண்டதுதான், தண்ணீரில் இலகுவில் கரையாது, கிருமியைக் கொல்லும் அளவு உடம்பை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. என் முகம் வாடியிருக்க வேண்டும். “ஆனா தெரியாதெண்டு விடுறதுக்கு இல்லை. இங்க ஒரு பிள்ளை இதைச் செய்வா,” என்றார்.

பிற்காலத்தில் அந்தச் சாயத்தை மலேரியாவுக்கும் புற்றுநோய்க்கும்கூடச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று வாசித்தேன். எனக்குத் தெரிய இன்னும் அது மருந்தாகவில்லை. அதில் எனக்குக் குறையில்லை.

நான் சாயத்தைக் கொண்டுபோனதற்கு அடுத்த வருஷம் என்னைப் பேராதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேராசிரியை சொன்ன அந்த மாணவி ஒரு நீளமான தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். நாங்கள் ஒன்று என்று நினைத்திருந்த ஊதா, ஸ்பிரிட்டோடு தாளில் ஊறி ஏறும்போது கீழும் மேலுமாக இரண்டு பட்டைகளாகப் பிரிந்திருந்தது.

“எது வேலை செய்யுதெண்டு இன்னும் தெரியேல்லை, அக்கா,” என்றாள். “நாளைக்கு இரண்டையும் வெட்டிப் புறம்பாப் பாக்கப்போறன். நிண்டுட்டுப் போங்களன்.”

நான் ஆஸ்பத்திரிக்குத் தந்தி அடித்து லீவை நீட்டிக்கொண்டேன்.