ஃபெயில் போடச் சொல்லிக் கேட்ட பெண்

மூன்று வருடத்துக்கு முன்பு, ஏப்ரல் மாதம். ராயக்கோட்டைக்கு மேலே, காட்டை ஒட்டிய எங்கள் ஊரில் நடந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. கீழ் ஊரில் எட்டாவது வரை இருக்கிறது. நடுவில் யானை இறங்குகிற தடம். ஓசூர்க் கம்பெனி ஒன்று வேன் வாங்கிக் கொடுத்தது. ஒரு தொண்டு நிறுவனம் அதை ஓட்டியது. பிள்ளைகளோடு போய் வர என்னை வேலைக்கு வைத்தார்கள். பிள்ளைகளுக்கு நான் அவ்வா, அதாவது பாட்டி. அந்த வேன் வந்த பிறகுதான் எங்கள் பெண் பிள்ளைகள் தொடர்ந்து படித்தார்கள். அதை நான் மறக்கக் கூடாது.

அந்த வருடம் எங்கள் வேனில் எட்டாவது படித்தது ஒரே ஒரு பெண். நன்றாகப் படிப்பாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வாயாடுவாள். “அண்ணா, உங்க வேனைவிட எங்க எருமை வேகமாப் போவும்” என்று டிரைவரைச் சீண்டிக்கொண்டே வருவாள். கடைசிப் பரீட்சை முடிந்து திரும்பும்போது வாயே திறக்கவில்லை.

“இன்னா, எருமைக்கு இன்னிக்கு லீவா?” என்றார் டிரைவர். அவள் என் காதருகே குனிந்தாள்.

“ஒண்ணும் எழுதல, அவ்வா. பேரை மட்டும் எழுதிக் குடுத்துட்டேன்.”

“ஏன் பாப்பா, ஒடம்பு சரியில்லியா?”

“ஃபெயிலானா திரும்ப எட்டாவதுதானே? வேன்லயே வரலாம் இல்ல?”

ஒன்பதாவதுக்கு ராயக்கோட்டை போக வேண்டும். பஸ் இலவசம்தான். ஆனால் அது கீழ் ஊர் ரோட்டோடு நின்றுவிடும். எங்கள் ஊரிலிருந்து அதுவரை காட்டில் நடக்க வேண்டும். முந்தின வருடம்தான் அந்தத் தடத்தில் ஒருவரை யானை அடித்திருந்தது. தனியாக அனுப்ப மாட்டேன், வயசுப் பெண்ணை விடுதியிலும் விட மாட்டேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

மறுநாள் அவளோடு தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். அத்தனை வருடத்தில் அந்த வாசற்படியை நான் தாண்டியதில்லை. “சார், இந்தப் பொண்ணை ஃபெயில் போட்டுடுங்க” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் சிரித்துவிட்டார். “எல்லாரும் பாஸ் போடுங்கன்னுதான் வந்து நிப்பாங்க. நீ என்னாம்மா?” விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. அவளைப் பார்த்து, “நீ எழுதலைன்னாலும் பாஸ்தான் கண்ணு. எட்டாவது வரைக்கும் யாரையும் நிறுத்தி வைக்கறதில்ல” என்றார். அவள் முகம் போன போக்கை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவரே நிறுவனத்துக்குப் போன் போட்டார். வேனில் இடம் இருக்கிறது, ரோடு வரைக்கும்தானே என்று கெஞ்சினார். அங்கே பேசிய பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது.

“கட்டாயப் படிப்புச் சட்டம் பதினாலு வயசு, எட்டாவது வரைக்கும்தான் சார். அதுக்குத்தான் கம்பெனியும் குடுக்கறாங்க. மீறி ஏத்தி ஏதாச்சும் ஆயிட்டா வேனையே நிறுத்திடுவாங்க. அப்புறம் இந்தச் சின்னப் பிள்ளைங்க எப்படிப் போவும்?”

போனில் பேசியவள் கெட்டவள் இல்லை. நான் யாரைத் திட்டுவது?

ஜூனில் பள்ளி திறந்தது. அந்தப் பெண் மூன்றாவது படிக்கிற தங்கையைக் கூட்டி வந்து, வேனில் ஏற்றி, “பாத்துக்க, அவ்வா” என்றாள். பின்னாலேயே தக்காளி பறிக்க ஆள் ஏற்றும் வண்டி நின்றது. அதில் ஏறிக்கொண்டாள். அந்த வண்டியில் எந்த வகுப்பு, என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. டிரைவர் அன்று ஹாரன்கூட அடிக்காமல் வேனை எடுத்தார்.

தங்கை இப்போது ஆறாவது. அக்காவைப் போலவே கெட்டிக்காரி. புதுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். ஒவ்வொரு ஜூனிலும் அவள் ஒரு வகுப்பு ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்கு வரவில்லை. எட்டாவதுக்கு இன்னும் எத்தனை வருடம் என்றுதான் மனசு எண்ணுகிறது.