டைரக்டரின் டிரைவர் செய்த ஜெபம்

அந்த நிறுவனத்துக்கு டைரக்டர் ஒருவர்தான். ஆனால் தெருவில் 'சின்ன டைரக்டர்' என்று யாராவது சொன்னால், அது அவருடைய கார் டிரைவரைத்தான் குறிக்கும். கேலிக்கு வைத்த பெயர். மனுஷர் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, நடையிலும் ஒரு தோரணை. பெரிய மனிதருக்குக் கதவைத் திறந்து திறந்து, உலகத்துக் கதவெல்லாம் தனக்கும் திறக்கும் என்ற நினைப்பு அவருக்கு ஊறிப்போயிருந்தது. அது முழுக்கப் பொய்யும் இல்லை. தங்கை மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமா, தண்ணீர்க் குழாய் இணைப்பா, டைரக்டர் பெயரைச் சொன்னால் காரியம் நடந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போன அந்த மனிதருடைய உண்மையான விசுவாசம் அதில்தான் இருந்தது.

ஜெபத்துக்கும் ஆள் பிடிப்பார். காய்ச்சல் என்றால் பாஸ்டர், அதற்கு மேல் என்றால் பிஷப். பிஷப்பை ஒருமுறை ரயில் நிலையத்திலிருந்து காரில் கூட்டி வந்த பழக்கம், அவ்வளவுதான். தன் வாயைத் திறந்து அவர் ஜெபித்ததே இல்லை.

"நம்மள மாதிரி ஆளு கேட்டா ஆகுமா? கேக்குறவங்க கேக்கணும்" என்பார்.

மனைவி அப்படியில்லை. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஆண்டவரிடம் பேசுவாள். அறுந்துபோன நூலைப் பற்றிக்கூட முறையிடுவாள்.

"அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆகிடப்போகுது, பாத்துக்குங்க."

"உன் புருஷன் நான்தானே? நான் யாரையும் கைவிடலையே" என்று சிரிப்பார். பிள்ளையில்லாத அந்த வீட்டில் இப்படிப் பேச்சுக்குக் குறைவே இருந்ததில்லை.

ஒருநாள் அவள் வயிற்று வலி என்று படுத்தாள். ஈரலில் கட்டி என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். டிரைவர் ஓடியது டைரக்டரிடம். சும்மா சொல்லக்கூடாது, அவர் நல்ல மனிதர். ஒரே போனில் பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறை கிடைத்தது. யாரும் லேசில் பார்க்க முடியாத பெரிய டாக்டர் காலையிலும் மாலையிலும் வந்து பார்த்தார். நர்சுகள் டிரைவரையும் 'சார்' என்றார்கள். இத்தனை சிபாரிசுக்குப் பிறகு அவள் பிழைக்காமல் போவாள் என்று அவர் நினைக்கவே இல்லை.

ஒரு மத்தியானம் டைரக்டரே வந்தார். டாக்டரின் அறைக்குள் போய் வெகுநேரம் பேசிவிட்டு வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மருந்துக்கு அடங்கலையாம்பா. இன்னைக்கே கூட ஆகலாங்கிறார்."

"ஐயா, இவருக்கும் மேல யாராவது..."

"எனக்கு இதுக்கு மேல யாரையும் தெரியாதுப்பா."

டைரக்டர் கீழே போய்த் தன் கார்க் கதவைத் தானே திறந்துகொண்டார். ஓடிப்போய்த் திறக்க வேண்டும் என்று டிரைவருக்குத் தோன்றவே இல்லை. அவர் வராந்தாச் சுவரில் சாய்ந்து பாஸ்டருக்குப் போன் போட்டார். பாஸ்டர் வெளியூரில் இருந்தார். பிஷப் அலுவலகத்தில் நாளைக்குக் கூப்பிடச் சொன்னார்கள். இனிமேல் யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே அவள் விழித்திருந்தாள்.

"ஜெபம் பண்ணுங்க."

"பாஸ்டர் வந்துகிட்டே இருக்காரு."

"பொய் சொல்ல வராது உங்களுக்கு. நீங்களே பண்ணுங்க."

அவர் எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். டைரக்டர் முன்னால் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஆண்டவரே, நான் வந்து... டைரக்டர் ஐயாவோட டிரைவருங்க..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"ஆண்டவருக்கு உங்களத் தெரியும்ங்க. யார் சொல்லியும் தெரிய வேண்டியதில்ல."

அந்த வார்த்தையில் மனுஷர் உடைந்துபோனார். இத்தனை வருஷம் யார் யார் வாசலிலோ நின்றுவிட்டு, தெரிந்தவர் வீட்டுக்கு மட்டும் போகாமல் இருந்துவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது. கட்டிலோரம் முழங்காலிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவரே, உங்கள விட்டா எனக்கு யாருமில்ல. இருக்காங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். இவள எனக்குத் திருப்பிக் குடுங்க. உங்களால முடியும். உங்களால மட்டுந்தான் முடியும். இல்ல, கூட்டிட்டுத்தான் போவீங்கன்னா, நான் உங்கள ஒண்ணும் கேக்க முடியாது. ஆனா இவள வாசல்ல நிறுத்தி வெக்காதீங்க. வெயில்ல நின்னா இவளுக்குத் தலை சுத்தும். நேரா உள்ள கூப்பிட்டுக்குங்க. என்னையும் விட்டுடாதீங்க."

கண்ணை மூடியபடியே, அவள் 'ஆமென்' சொல்வதற்காகக் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார். கடைசியில் அவரே சொன்னார்.