மேட்னியில் மட்டும் அடங்கிய சத்தம்

தியேட்டர்களில் பிலிம் சுருளில் படம் ஓட்டிய கடைசி வருடங்களில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. டிப்ளமோ முடித்துவிட்டு, தியேட்டர் ஒலிக்கருவிகளைப் பழுது பார்க்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தேன். வீடு செங்கல்பட்டில். மாமல்லபுரம் பக்கத்துத் தியேட்டர் ஒன்றிலிருந்து புகார் வந்தபோது வேறு ஆள் இல்லாததால், மேலாளர் என்னைத் தனியாக அனுப்பினார். துணையில்லாமல் நான் போன முதல் வேலை அது.

மதியக் காட்சியான மேட்னியில் மட்டும் டிஜிட்டல் ஒலி பாதியில் போய்விடுகிறது என்பதுதான் புகார். பிலிம் ஓரத்துத் துளைகளுக்கு நடுவே, பொடிப்பொடிப் புள்ளிகளாக அந்த ஒலி பதிவாகியிருக்கும். புரொஜக்டரில் உள்ள ஒரு சின்னக் கேமரா அதைப் படிக்கும். படிக்க முடியவில்லை என்றால், பிலிமிலேயே இருக்கும் பழைய ஒலித்தடத்துக்குக் கருவி தானாக மாறிக்கொள்ளும். படம் நிற்காது. ஆனால் நாலாபக்கமும் முழங்கிய சத்தம் சட்டென்று அடங்கிப்போகும். புது ஸ்பீக்கர் வைத்திருப்பதாகப் பெரிய பேனர் கட்டியிருந்த தியேட்டர் அது. ஜனங்கள் சும்மா விடுவார்களா? நாற்காலியைத் தட்டிக் கூச்சல் போட்டிருக்கிறார்கள்.

காலையிலேயே போய்விட்டேன். படம் ஓட்டும் ஆபரேட்டருக்கு நாற்பது வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமா, கம்பெனிலேர்ந்து நீ மட்டுந்தான் வந்துகீறியா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. பையைத் திறந்து வேலையைத் தொடங்கினேன். கருவியின் முகப்பில் ஓர் எண் தெரியும். படிப்பதில் பிழை குறைவாக இருந்தால் எண் சிறியதாக நிற்கும், பிழை கூடக் கூட ஏறும். நான் ஓட்டிப் பார்த்தபோது மூன்றைத் தாண்டவில்லை. கருவியில் குறையில்லை. பிலிம் ஓரத்தை விரலால் தொட்டேன். லேசாகத் தூசி ஒட்டியது. அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். 'கருவி நன்றாக உள்ளது. ஆபரேட்டர் பிலிமைச் சரியாகத் துடைப்பதில்லை' என்று அறிக்கை எழுதி உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, மேட்னி தொடங்கும் முன்பே பஸ் ஏறிவிட்டேன்.

பத்து நாள் கழித்து உரிமையாளரே போன் செய்தார். "நீ எழுதுனது கரெக்ட்டுமா. இன்னும் அப்டியேதான் கீது. இன்னொரு தபா வந்து பாத்து எழுதிக் குடு. நான் வேற ஆளப் போட்டுக்கறேன்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என்னுடைய ஒரு வரி, ஒரு மனிதரின் வேலையைப் பறிக்கப் போகிறது.

மறுநாள் போனேன். ஆபரேட்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. துடைக்கிற வெல்வெட் துணியை என் முன்னால் நீட்டினார்.

"ஒவ்வொரு ஷோவுக்கும் முன்னாடி தொடைக்கிறேன்மா. நீ பாட்டுக்கு எழுதினு போய்ட்ட. 'இன்னாப்பா, நீ ஒழுங்கா வேல செய்றதில்லியா'ன்னு என் பொண்ணு கேக்குது. நான் இன்னா சொல்றது?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துணியைப் பார்த்தேன். வழக்கமாகப் பிலிமில் படியும் அழுக்கு கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். இது வெளுத்திருந்தது. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்றது.

"இன்னைக்கு மேட்னி முடியறவரைக்கும் நான் இங்கதான் இருக்கப்போறேண்ணா" என்றேன்.

காலைக் காட்சி முழுக்க எண் மூன்றிலேயே நின்றது. மேட்னி தொடங்கி அரை மணி நேரத்தில் நான்கு, பிறகு ஐந்து. இடைவேளைக்குள் எட்டைத் தொட்டது. அப்புறம் சத்தம் அடங்கியது. கீழே இருந்து விசில் கிளம்பியது. என் கண் முன்னாலேயே துடைத்து மாட்டிய பிலிம் அது.

சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்கியது. மேட்னியில் சத்தம் போன நாட்களை எல்லாம் ஆபரேட்டர் பேனாவால் சுழித்து வைத்திருந்தார். வரிசையாகச் சுழிகள். நடுவே ஒரே ஒரு நாள் மட்டும் காலி. தாளைத் திருப்பிப் போன மாதத்தைப் பார்த்தேன். அதிலும் ஒரு நாள்தான் காலி. இரண்டும் அமாவாசை. ஆபரேட்டரிடம் காட்டிக் கேட்டேன்.

"அத்த ஏன் கேக்குற? ஓனராண்ட சொன்னேன். அமாவாசைக்கு மட்டும் பேய் வந்து தொடைச்சிட்டுப் போவுதான்னு சிரிக்கறாரு" என்றார்.

எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. காற்று வாங்கலாம் என்று புரொஜக்டர் ரூமின் கிழக்கு ஜன்னல் பக்கம் போனேன். ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. சட்டத்தை எதேச்சையாகத் தொட்டேன். அதே வெள்ளைப் பொடி. எட்டிப் பார்த்தேன். கீழே, மதில் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு சிற்பக்கூடம். மெஷினை வைத்துக் கருங்கல்லை அறுத்துக்கொண்டிருந்தார்கள். புரொஜக்டர் இரைச்சலில் அந்தச் சத்தம் மேலே கேட்கவே இல்லை. மதியம் கடல் காற்று திரும்பியிருந்தது. கல்தூள் புகை மாதிரி எழும்பி நேராக எங்கள் பக்கம் வந்தது.

படியிறங்கி ஓடினேன். முகத்தில் துண்டு கட்டியிருந்த ஒரு சிற்பியிடம், "அண்ணா, அமாவாசைக்கு வேலை செய்ய மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் மெஷினை நிறுத்தினார். "அமாவாசன்னா கல்லத் தொட மாட்டோம்மா. இன்னாத்துக்குக் கேக்குற?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது, தூசி மேலே வருவதில்லை. சாயங்காலம் வேலை நின்றுவிடுகிறது. மேட்னிக்கு மட்டும் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. போதாததற்கு, ரூமின் மேற்குச் சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தத் தூளை உடைந்த ஜன்னல் வழியாக இழுத்து, பிலிம் மேலும் கேமராக் கண் மேலும் படிய வைத்திருக்கிறது.

அன்றே நானும் ஆபரேட்டரும் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தோம். இடுக்குகளில் டேப் ஒட்டினோம். ரூமுக்குக் காற்று வேண்டும் என்பதற்காக மாடிப்படிக் கதவைத் திறந்து வைத்தோம். கேமராவின் லென்ஸைத் துடைத்தேன்.

மறுநாள் மேட்னிக்கு உரிமையாளரே வந்து உட்கார்ந்தார். ஆபரேட்டர் புரொஜக்டரைப் பார்க்கவே இல்லை, எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று. இடைவேளையிலும் மூன்று. கடைசி ரீலில் ஒரு மழைக்காட்சி. பின்பக்க ஸ்பீக்கரில் இடி விழுந்தபோது, ரூம் சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியாகக் கீழே பார்த்தேன். பாதி ஜனம் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. ஆபரேட்டர் என் தோளைத் தட்டப் போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "சோக்கா கீதும்மா!" என்றார்.

மேலாளருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "சரி பண்ணிட்டல்ல? அதோட வுடு. நாமளே தப்புன்னு எழுதினா எவன் நம்மளக் கூப்புடுவான்?" என்றார். நான் விடவில்லை. எழுதினேன்: 'என் முதல் அறிக்கை தவறு. காலையில் மட்டும் சோதித்துவிட்டு எழுதினேன். வெளியிலிருந்து வந்த கல்தூளே காரணம். ஆபரேட்டர் மேல் எந்தக் குறையும் இல்லை.' அதை உரிமையாளருக்கு முன்னால் நின்று, ஆபரேட்டரையும் வைத்துக்கொண்டு, சத்தமாகப் படித்தேன்.

உரிமையாளர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு ஆபரேட்டரிடம், "நான்தான் பேஜார் பண்ட்டேன். மன்சுல வெச்சுக்காதபா" என்றார்.

கிளம்பும்போது ஆபரேட்டர் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தார். ஏதோ கேட்கத் தயங்கினார். கடைசியில், "அந்த பேப்பரு இன்னொண்ணு எழுதிக் குடும்மா. வூட்ல என் பொண்ணாண்ட காட்டணும்" என்றார்.

பஸ்ஸுக்காக நின்றபடியே, பையை மடக்கி அதன் மேல் தாளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இன்று ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலையில் எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தப்பு என்னுடையது என்று எழுதித் தலைநிமிர்ந்து போட்ட அந்த ஒரு கையெழுத்தைத்தான் என் வாழ்க்கையின் பெருமையாக நினைக்கிறேன்.