பகல் பன்னிரண்டேகாலுக்கு எரிந்த வாசல் விளக்கு

கோவில்பட்டியில் என் மகன் வாங்கிய வீட்டில் விளக்குகள் தாமாகவே எரியும். வீட்டை விற்றவர் ஓய்வு பெற்ற என்ஜினீயர். சாவி கொடுத்த அன்று, மெயினுக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினார்.

"சாயங்காலம் ஆறேகாலுக்கு வாசல் லைட்டு வரும், பத்து மணிக்கு அணையும். காலையில நாலரைக்கு அடுப்படி லைட்டு. நீங்க எதையும் தொடவே வேண்டாம்மா."

நான் தலையாட்டினேன். கேட்க இரண்டு மூன்று இருந்தது. புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது.

மகனும் மருமகளும் ஓசூரில் வேலை பார்க்கிறார்கள். தனியாக இருந்துகொள்வேன் என்று சொல்லித்தான் புதூர்ப் பக்கமிருந்து இங்கே வந்தேன். முடியவில்லை என்றால் ஓசூருக்கு வந்துவிட வேண்டும் என்பது மகனின் ஏற்பாடு. அங்கே ஒரு மாதம் இருந்து பார்த்திருக்கிறேன். ஏழாவது மாடி. கீழே இறங்கக்கூட இன்னொருவர் வர வேண்டும்.

முதலில் எல்லாம் சொன்னபடி நடந்தது. நாலரைக்கு அடுப்படியில் வெளிச்சம் வரும். என்ஜினீயரின் வீட்டம்மாள் அப்போது எழுந்திருப்பாள் போல என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். ஆறேகாலுக்கு வாசல் விளக்கு வந்ததும் கும்பிடுவேன். விளக்கைக் கண்டால் கை தானாகக் கூடிவிடும்.

ஐப்பசியில் எல்லாம் கெட்டது. ஒருநாள் காலை பத்தேகாலுக்கு வாசல் விளக்கு எரிந்தது. சாயங்காலம் எரியவில்லை. சுவிட்சு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடித் தகடு, அதில் சின்னச் சின்னப் படங்கள். எதைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டுக்காரி தெருவில் நின்றே கேட்டாள். "என்ன பெரியம்மா, பட்டப்பகல்ல லைட்டு? சூரியனுக்குக் கண்ணு தெரியலையாக்கும்?"

சிரித்துவைத்தேன். அவள் அதோடு விடாமல் என் மகனுக்கும் போன் போட்டுவிட்டாள்.

"எம்மா, பகல்ல லைட்டப் போட்டுட்டு ராத்திரி இருட்டுல இருக்கியாமே?"

"நான் போடலய்யா. அதுவா எரியுது."

"பகல்ல அதுவா எப்படி எரியும்? ஒனக்கு ஞாபகம் தப்புது. சனிக்கிழமை வாரேன். துணிமணிய எடுத்து வையி."

ஞாபகம் தப்புகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதனால் அன்றிலிருந்து நாள்காட்டித் தாளின் பின்பக்கம், விளக்கு எரியும் நேரத்தைக் குறித்தேன். அந்த வாரம் இரண்டு நாள் மழை. இடி கேட்டால் நான் மெயினை இறக்கிவிடுவேன். அதிலும் கரண்டு இருக்கிறதே என்று இன்வெர்ட்டரையும் அணைப்பேன். புதூர்ப் பக்கத்துப் பழக்கம் அது; அங்கே மரம் குறைவு. இடி இறங்க வீடுதான் கிடைக்கும். மெயினை மறுபடி ஏற்றிய நேரத்தையும் எழுதினேன்.

ஐந்து மணிக்கு ஏற்றினால் மறுநாள் பதினொன்றேகாலுக்கு வாசல் விளக்கு. இரண்டு மணிக்கு ஏற்றினால் எட்டேகாலுக்கு. விரல் விட்டு எண்ணினேன். இரண்டு தடவையும் பதினெட்டேகால் மணி நேரம். ரயில் கணக்கில் சாயங்காலம் ஆறேகால் என்பது பதினெட்டேகால்தான். நான் மெயினை ஏற்றும் நேரத்தையே அந்தப் பெட்டி ராத்திரி பன்னிரண்டு என்று வைத்துக்கொள்கிறது. கணக்கு எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் இது தப்பவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மகன் பெரிய பையோடு வந்தான். காலை பஸ்ஸுக்கு இருவருக்கும் டிக்கெட் போட்டிருந்தான். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"எம்மா, சும்மா இரு."

சரியாக ஆறு மணிக்கு அவன் கண் முன்னாலேயே இன்வெர்ட்டரை அணைத்தேன். மெயினை இறக்கி ஏற்றினேன். இன்வெர்ட்டரையும் போட்டேன்.

"நாளைக்குப் பகல் பன்னிரண்டேகாலுக்கு வாசல் லைட்டு எரியும். அதுவரைக்கும் இரு. எரியலைன்னா நான் வாரேன்."

அவன் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். டிக்கெட்டை ஞாயிறு ராத்திரி பஸ்ஸுக்கு மாற்றினான். ஆனாலும் என் சேலைகளைத் தானே மடித்துப் பையில் வைத்தான்.

மறுநாள் பன்னிரண்டு மணியிலிருந்து வாசலில் நின்றோம். நல்ல வெயில். அவன் செல்போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தான். பன்னிரண்டேகாலுக்கு விளக்கு எரிந்தது. என் கை கூடிவிட்டது.

"உச்சி வெயில்ல யாரக் கும்பிடுத?" என்று கேட்டான். முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு வந்தது.

என்ஜினீயருக்குப் போன் செய்தான். பெட்டிக்குள் கடிகாரத்துக்கென்று பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டாம். அது செத்துவிட்டால், கரண்டு அறவே நின்றதும் நேரம் மறந்துவிடுமாம். அவர்கள் ஒருநாளும் மெயினையும் இன்வெர்ட்டரையும் சேர்த்து அணைத்ததில்லையாம்.

"இடி இடிச்சாக்கூடவா?" என்று கேட்கச் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

பேட்டரி வாங்கிப் போட்டு, நேரத்தைச் சரிசெய்துவிட்டுத் தனியாகக் கிளம்பினான். சேலைகளை நானே பழையபடி பீரோவில் அடுக்கினேன். பையை அவன் எடுத்துப் போகவில்லை. அதில் இப்போது உளுந்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரமும் இடித்தது. மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைத்து, இடி நின்றதும் ஏற்றினேன். சாயங்காலம் ஆறேகாலுக்கு விளக்கு வந்தது.