வெள்ளை அடித்த பலூன்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கை அக்கா, ஷிஃப்ட் தாளில் தப்பாக எழுதிய எதையோ ஒயிட்னரால் அழித்துக்கொண்டிருந்தார். உத்தனப்பள்ளி தாண்டும்வரை பஸ் ஆடிய ஆட்டத்தில் தாளைவிட அவர் சுடிதார்தான் அதிகம் வெளுத்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு யோசனை வந்துவிட்டது. நாட்றாம்பாளையம் போக வேண்டும். மஞ்சுளாவைப் பார்க்க வேண்டும். புத்தகத்தோடு.

எந்தப் புத்தகம் என்கிறீர்களா? கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

ஓசூரில் நாங்கள் லைன் வீட்டில் இருந்தபோது எதிர்வீடு மஞ்சுளாவுடையது. அவள் அப்பா பெங்களூரிலிருந்து ஒரு காமிக்ஸ் வாங்கிவந்தார். பிரித்தால் முழுக்கக் கன்னடம். "படம்தானே, எந்த மொழியா இருந்தா என்னா?" என்றார். அதுவும் சரிதான். பேச்சையெல்லாம் நாங்களே போட்டுக்கொண்டோம். லாந்தருடன் ஆற்றங்கரையில் அலையும் ஒரு பெண். அவளுக்காகக் காத்திருக்கும் படகுக்காரன். அவளுக்கு மஞ்சுளா குரல். படகுக்காரனுக்கும் நடுவில் வரும் புலிக்கும் நான்.

ஓசூரில் கன்னடம் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்துச் சொன்னார். புயல் வருகிறது என்று படகுக்காரன் எச்சரிப்பதாக நாங்கள் நடித்துவந்த இடத்தில், களி ஆறிப்போச்சே என்று அவன் புலம்பிக்கொண்டிருந்தானாம். "போதும் மாமா, குடுங்க!" பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தோம். இனி யாரும் படித்துச் சொல்லக் கூடாது என்று சத்தியம்.

கடைசிக் கட்டம் மட்டும்தான் வம்பு. பெண்ணின் ஒரு கால் படகில், ஒரு கால் சேற்றில். தலைக்கு மேல் அவள் பேச்சை அடைத்த பெரிய பலூன். "நானும் வர்றேன்" என்கிறாள் என்பேன் நான். "லூசு, 'நீ போ, நான் வர்ல'ன்றாடி" என்பாள் மஞ்சுளா. அவள் குடும்பம் நிலத்தைப் பார்த்துக்கொள்ள நாட்றாம்பாளையத்துக்கே திரும்பிய அன்று, சாமான்களுக்கு நடுவே டெம்போவில் உட்கார்ந்தபடி கத்தினாள்: "அவ போவலடீ!"

புத்தகம் என்னிடம் தங்கிவிட்டது.

போன வருடம் ஓசூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் காமிக்ஸ் ரசிகர்கள் கூடினார்கள். அதை வரைந்த ஓவியரே வருகிறார் என்றதும் என் சத்தியம் ஆட்டம் கண்டது. அவரிடம் கேட்டால் அது படிப்பதாகாதே! முந்தைய நாள் கல்யாணத்தின் ரோஜாவும் சாம்பாரும் இன்னும் மணத்தன. மூன்று மொழி ரசிகர்கள் வரிசையில் நிற்க, அந்த மாமனிதரை மாப்பிள்ளையின் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மணப்பெண் நாற்காலியில் அவருடைய பை.

"சார், இவ என்ன சொல்றா?"

உற்றுப் பார்த்தார். "நான் படம் மட்டும்தாம்மா போட்டது. பேச்சு எழுதறது வேற ஆளு. பலூனைக் காலியா அனுப்பிடுவேன், அப்புறம் நான் படிச்சதே இல்ல. இருங்க, இப்ப படிச்சுச் சொல்றேன்." கண்ணாடியைத் தேடினார்.

"வேணாம் சார்!" என் கை பலூனை மூடிக்கொண்டது. நான் தோற்றுவிடுவேன் என்றா, மஞ்சுளா தோற்றுவிடுவாள் என்றா, இன்றும் தெரியவில்லை. பின்னால் ஒருவர், "மேடம், மாப்ள பாக்கவா வந்தீங்க? சீக்கிரம்!" என்றார். மூச்சுவிடாமல் சண்டைக் கதை முழுவதையும் ஓவியரிடம் கொட்டினேன்.

"ஹௌதா!" என்று கன்னடத்தில் வியந்து சிரித்தார். சட்டைப்பையிலிருந்து ஒயிட்னர் பேனாவை எடுத்தார். "கைய எடும்மா."

பலூனை அப்படியே வெளுத்துவிட்டார். ஊதிக் காயவைத்து, கீழே கையெழுத்தும் போட்டார். "நான் அனுப்பினப்போ இப்படித்தான் இருந்துச்சு."

லைன் வீடுகள் இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். கண்ணாடி மாமா எங்கே போனாரென்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் சொன்னது வெள்ளைக்கு அடியில். வேறு பிரதி எங்காவது கிடைக்கலாம், தேட மாட்டேன்.

ஒரு வருடமாக அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனியாக எழுதினால் கள்ளாட்டம். ஞாயிற்றுக்கிழமை அஞ்செட்டி பஸ் பிடிக்கிறேன். அங்கிருந்து நாட்றாம்பாளையத்துக்கு எப்போது வண்டி என்று கண்டக்டருக்கே நிச்சயமில்லை. பென்சில் ஒன்றுதான் எடுத்துவைத்திருக்கிறேன். யார் முதலில் பிடுங்குகிறோம் என்று பார்க்கலாம்.