பச்சைக்கு மேலே நீலம்

கண்ணை மூடிக்கொண்டுதான் கஜீவன் காரைப் பார்ப்பான். கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, முன் சக்கரத்திலிருந்து பின் விளக்கு வரை மெல்ல இழுத்துக்கொண்டு போவான். கை ஓரிடத்தில் நிற்கும். "இஞ்ச முந்தி ஒருக்கா அடிபட்டிருக்கு" என்பான். சொந்தக்காரரே மறந்துவிட்ட அடியையும் அந்தக் கை கண்டுபிடித்துவிடும்.

சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில் கார்களுக்குப் பெயின்ற் அடிக்கும் பட்டறையொன்றில் அவனுக்குப் பதினாறு வருட வேலை. வயது முப்பத்துநான்கு. ஆலங்கட்டி மழை பெய்தால் ஊரே வானத்தைத் திட்டும். இவன் பட்டறையில் கார்கள் வரிசை கட்டும். கோவில் வாசலில் நிற்கும் கார்களையும் சும்மா விடமாட்டான். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை வந்திறங்கிய காரைத் தடவிப் பார்த்து, "வாடகைக் காரோ? வலப்பக்கக் கதவு மாத்தினது" என்று சொல்லி, பெண் வீட்டாரின் முகத்தைச் சுருங்க வைத்த ஆள். வேலை முடித்துக் காரைக் கையளிக்கும்போது தமிழ் ஆட்களிடம் எப்போதும் ஒரே வசனம்தான்: "ஒண்டும் நடக்காத மாதிரிச் செய்து விட்டிருக்கிறன்."

இப்படிப்பட்டவனுக்குத் தகப்பனார் சண்முகநாதன் விட்டுப்போனது, பிரஷால் நீலம் பூசிய ஒரு மோட்டார் சைக்கிள். சுவிஸ் இராணுவம் பாவித்துக் கழித்துவிட்ட பழைய கொண்டோர் ரக வண்டி. கஜீவனின் எட்டு வயதில் வீட்டுக்கு வந்தது. இருபது வருடத்துக்கு மேல் அதில்தான் அவர் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். பூச்சு என்றால் அப்படியொரு பூச்சு. பெற்றோல் தாங்கியில் நீலம் வழிந்து வழிந்து உறைந்திருந்தது. பிரஷின் மயிர்கள் இரண்டு மூன்று அதற்குள்ளேயே ஒட்டிக் கிடந்தன.

பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்பா, ஒருக்காத் தாங்கோவன். கழட்டிப் போட்டு வடிவா அடிச்சுத் தாறன்."

"வேண்டாம் தம்பி. ஓடுதுதானே."

ஊரார் எல்லோரும் நம்பி வரும் கையைப் பெற்ற தகப்பன் நம்பவில்லையே என்று கஜீவனுக்கு வலித்தது. தனிக்குடித்தனம் போன புதிதில் ஒருநாள், "உதில என்ர வீட்டுப் பக்கம் வராதேங்கோ, வெக்கமாக் கிடக்கு" என்று சொல்லியும்விட்டான். அதற்குப் பிறகு அவர் மகன் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் வந்தார்.

போன நவம்பரில் அவர் போய்ச் சேர்ந்தார். துக்கம் ஒரு பக்கம். இனித் தடுக்க ஆளில்லை என்ற நினைப்பு இன்னொரு பக்கம். பழைய வாகனங்களுக்கென்று இருக்கும் தனிப் பதிவுக்கு விண்ணப்பித்தான். வாகன அலுவலகத்தில் இருந்தவர் நிறையச் சொன்னார். அவன் காதில் விழுந்தது ஒரு சொல்தான்: ஒரிகினால். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டுமாம். தன் தொழிலுக்கே அழைப்பு வந்த மாதிரி கஜீவனுக்கு இருந்தது.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தாய் வீட்டின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், மண்கடதாசியைத் தண்ணீரில் நனைத்துத் தாங்கியைத் தேய்க்கத் தொடங்கினான். உள்ளங்கை அளவுக்கு நீலம் கரைந்ததும் அடியிலிருந்து பச்சை வந்தது. அவன் எதிர்பார்த்த பச்சைதான். நிறத்தின் இலக்கத்தைக்கூட இணையத்தில் தேடி வைத்திருந்தான். உடுப்புத் தோய்க்கும் அறைக்கு இறங்கி வந்த தாய் இராஜேஸ்வரி, கூடையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உதை ஏன்டா வெளியில எடுத்தனி?"

"இதுதானம்மா ஒரிகினால்."

"ஊரில ஆமிக்காரர் அப்பாவை உந்த நிற ட்றக்கிலதான் ஏத்திக்கொண்டு போனவங்கள். பதினெட்டு மாசம் கழிச்சுத்தான் விட்டவங்கள். இஞ்ச வந்து, மலிவெண்டு ஆரோ சொல்ல, இதை வாங்கியந்திட்டார். மூண்டு நாளாக் கீழ இறங்கேல்லை. நாலாம் நாள் பெயின்ற் வாங்கியந்து, கை நடுங்க நடுங்கப் பூசினவர்."

"இது சுவிஸ் ஆமியல்லோ அம்மா?"

"ஆமிப் பச்சை ஆமிப் பச்சைதான்."

"எனக்கேன் ஒருதரும் சொல்லேல்லை?"

"பிள்ளைக்குச் சொல்லாதை எண்டவர்" என்றுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஓடுதுதானே என்று சொல்லிச் சொல்லி அவர் எதை மூடி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. கழற்றித் தேய்த்தால் பச்சை வெளியே வந்துவிடும் என்று பயந்த மனிதரிடம், தன் கையை நம்பாதவர் என்று பதினைந்து வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். வயது போன காலத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வைத்திருக்கிறான். இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டான். பட்டறையின் நிறம் அளக்கும் கருவியால் அந்த நீலத்தை அளந்து, பிசகாமல் கலந்தான். ஸ்பிரேயைத் தொடவில்லை, கடையில் ஒரு மலிவுப் பிரஷ் வாங்கினான். அடுத்த சனிக்கிழமை பச்சையின் மேல் பூசினான். கண்ணாடி மாதிரி வந்தது. சுற்றிவரத் தகப்பனின் நீலம் மேடும் பள்ளமுமாய்க் கிடக்க, நடுவில் இவனுடைய நீலம் தேர்ந்த கைக்காரனின் திமிரோடு மினுங்கியது. துடைத்துவிட்டுத் திரும்பப் பூசினான். அதே நேர்த்தி. வேண்டுமென்றே கையை நடுக்கிப் பார்த்தான். பதினாறு வருடம் பழகிய கை, நடுக்கத்தையும் நேராக்கிக்கொண்டு போனது. மூன்றாம் தடவையும் துடைத்தான். பச்சை மறுபடியும் வெளியே நின்றது.

பிறகு பிரஷைப் பழகாத இடக்கைக்கு மாற்றிக்கொண்டான்.